அடங்கிப்போதல் சமாதானமாகாது

    

குளத்து நீரும் நெல்லின் விலையும் காணி விடுவிப்பும் பேசிப் பழகிய மேடையில் இன்று நாம் இல்லறத்துப் பூசலைப் பேச வந்திருக்கிறோம். வீட்டுக்குள் நடப்பதை வீதிக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்பார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: அடிபட்ட பெண்ணொருத்தி நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டுப் படலையைத் தட்டும்போது, அது இன்னும் வீட்டுக்குள் நடக்கும் விடயந்தானா? மறுநாட் காலையில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, "பொறுத்துப் போ, பிள்ளை" என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்புகிறார்களே, அது ஊரின் தீர்ப்பல்லவா? தீர்ப்புச் சொல்லும் உரிமை ஊருக்கு உண்டென்றால், அத்தீர்ப்பு நீதியானதா என்று ஆராயும் கடமையும் ஊருக்கு உண்டு. அந்தக் கடமையின் பேரிலேயே இங்கு பேசுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணவனும் மனைவியும் பிணங்குவது குற்றமன்று. திருவள்ளுவர் தம் நூலின் கடைசி மூன்று அதிகாரங்களையும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை எனப் பிணக்குக்கே ஒதுக்கினார். அன்புள்ள இடத்தில் பிணக்கும் இருக்கும் என்பது தமிழர் கண்ட உண்மை. ஆனால் ஊடலில் இருவரும் சமமானவர்கள். எவரும் எவருக்கும் அஞ்சுவதில்லை. ஒருவர் கையோங்க மற்றவர் நடுங்கும் வீட்டில் நடப்பதற்கு ஊடல் என்று பெயரில்லை. அதற்குப் பெயர் கொடுமை. கொடுமையை ஊடலென்று எண்ணிச் சிரித்துத் தள்ளுவதே எம்மவர் செய்யும் முதற் பிழை.

இக்கொடுமைக்குக் காரணம் யாது? குடி என்பார் சிலர். கைத்தொலைபேசி என்பார் சிலர். பெண்கள் படித்துவிட்டார்கள் என்பார் இன்னுஞ் சிலர். குடி குடும்பத்தைக் கெடுப்பது மெய்யே. ஆனால் குடித்தவன் கூலி கொடுக்கும் முதலாளியை அடிப்பதில்லை. வீதியில் மறிக்கும் பொலிஸ்காரரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியையே அடிக்கிறான். யாரை அடித்தால் கேள்வியில்லை என்பது வெறியிலும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே வேரை வேறிடத்தில் தேடவேண்டும். வன்னி மண்ணில் நான்கு வேர்களை நாம் காண்கிறோம். அச்சத்தில் முடித்த கலியாணம் ஒன்று; சான்றில்லாத கலியாணம் மற்றொன்று; காணி ஒருவர் பெயரிலும் கடன் மற்றவர் பெயரிலும் இருப்பது மூன்றாவது; உடலைப்பற்றிப் பேசாத மௌனம் நான்காவது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்தம் குலைந்து, 2006இல் போர் மீண்டது. அக்காலத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒருவரைப் படைக்குச் சேர்க்கும் கட்டாயத்தை விடுதலைப் புலிகள் கொண்டுவந்தனர். மணமானவர்களை விட்டுவைப்பார்கள் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியது. பள்ளிச் சீருடை கழற்றாத பெண்பிள்ளைகளுக்கும் மீசை அரும்பாத பையன்களுக்கும் பெற்றோர் அவசர அவசரமாகத் தாலி முடித்தனர். பொருத்தம் பார்க்கவில்லை, பிள்ளைகளின் மனத்தைக் கேட்கவில்லை, உயிர் தப்பினாற் போதும் என்றனர். அப்பெற்றோரைக் குறைகூற நாம் வரவில்லை. வீட்டில் தீப்பற்றியபோது பிள்ளையை யன்னலால் எறிந்தவரை, எலும்பு முறிந்ததே என்று எவரும் கண்டிப்பதில்லை. ஆனால் முறிந்த எலும்புக்கு வைத்தியம் செய்யவேண்டாமா?

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். அம்முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். மீண்டும் காணிக்கு வந்து, தகரக் கொட்டில் போட்டு, கிணறு இறைத்துக் குடியமர்ந்தபோதுதான் பல இளந்தம்பதியர் ஒருவரை ஒருவர் முதன்முதலாக நிதானித்துப் பார்த்தனர். அச்சம் நீங்கிவிட்டது, அச்சத்தாற் கட்டிய தாலி கழுத்தில் இருந்தது. சிலர் ஒருவரையொருவர் விரும்பக் கற்றுக்கொண்டனர், அவர்களை வாழ்த்துகிறோம். வேறு சிலர் அன்றாடம் மோதினர். இன்னுஞ் சிலர், அது கலியாணமே அன்று, பிடிக்குத் தப்பச் செய்த உபாயம் என்று சொல்லி வேறொருத்தியை மணந்தனர். உபாயம் என்று சொல்லிவிட்டு ஆண் போய்விடலாம். பெண்ணின் மடியில் பிள்ளை இருந்ததே!

போர் ஓய்ந்தும் இளவயதுக் கலியாணம் முற்றாக ஒழியவில்லை. தந்தையில்லாத வீட்டில், பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு காவல் காக்க முடியாதென்று தாய் அஞ்சுகிறாள். பொது விவாகச் சட்டம் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயதை எல்லையாக வைத்தது. அதற்குக் குறைந்த வயதில் பதிவாளர் விவாகத்தைப் பதிய முடியாது. ஆகவே பதியாமலே சேர்த்து வைக்கிறார்கள். பயத்துக்கு மருந்தென்று கொடுத்த கலியாணம் அடுத்த பயத்துக்கு விதையாகிறது.

இங்கேதான் இரண்டாவது வேர் முதலாவதோடு பின்னுகிறது. கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டால் கலியாணம் முடிந்தது. பதிவு வெறுங் காகிதம் என்று எம்மவர் நினைக்கின்றனர். சட்டமும் பதிவில்லாத வழக்கத் திருமணத்தை அடியோடு தள்ளிவிடவில்லை. ஆனால் அத்திருமணம் நடந்ததென்று மெய்ப்பிக்கும் சுமை, கைவிடப்பட்ட பெண்ணின் தலையில் விழுகிறது. ஐயர் இறந்துவிட்டார், சாட்சிகள் மாத்தளனிலோ வலைஞர்மடத்திலோ மாண்டுபோனார்கள், படங்கள் பதுங்குகுழியில் அழிந்தன. அவள் எதைக் கொண்டு மெய்ப்பிப்பாள்? 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பெறும் ஒரு சான்றிதழ் இருந்திருந்தால், அவளுக்குச் சாட்சி தேடும் துன்பமில்லை.

பதிவு என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று சொல்வோருக்கு நாம் பழந்தமிழையே காட்டுகிறோம். பொய்யும் பிழையும் உலகில் தோன்றிய பின்னரே பெரியோர் திருமணச் சடங்கை ஏற்படுத்தினர் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுகிறது. காதலித்தவளைக் கைவிட்டு, "இவளை நான் அறியேன்" என்று சொன்னவர்களாலேயே பலரறியும் மணம் தேவையாயிற்று. அகநானூற்றின் 256ஆம் பாட்டு கள்ளூரில் நடந்த ஒரு செய்தியைச் சொல்கிறது. ஒருத்தியின் நலத்தை நுகர்ந்தவன் அவளை அறியேனென்று பொய்ச்சூள் உரைத்தான். ஊரவையம் சாட்சிகளைக் கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டது. பின்னர் அவனை மரக்கிளையிற் கட்டி, தலையில் நீற்றைப் பெய்தது. அத்தண்டனையை இன்று நாம் வேண்டவில்லை. அவையத்தின் ஒழுங்கையே சுட்டுகிறோம். அவ்வூரவை பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்லவில்லை; முதலிற் சாட்சியைக் கேட்டது. அன்றைய சடங்கு எதற்காக வந்ததோ, இன்றைய பதிவும் அதற்காகவே வந்தது.

சான்றைப்பற்றிப் பேசும்போது மற்றொரு துயரத்தையும் சொல்லவேண்டும். கணவர் உயிரோடிருக்கிறாரா, இல்லையா என்று அறியாத மனைவியர் எம்மிடையே வாழ்கின்றனர். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அத்தாய்மாருள் மனைவியரும் இருந்தனர். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு மரணச் சான்றிதழ் ஒன்றையே காட்டிற்று. கணவர் இறந்தார் என்று தன் கையால் ஒப்பமிட எந்த மனைவிக்கு மனம் வரும்? 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போயுள்ளார் என்று சான்றிதழ் பெறும் வழி திறந்தது. அரசின் காகிதம் இவ்வளவாவது இறங்கிவந்தது. ஊரின் நாக்கு இறங்கிவரவில்லை. அவள் பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. மறுமணம் செய்ய நினைத்தால் ஏச்சு. செய்யாமல் தனித்து உழைத்தால் ஐயம். அவள் கணவன் எங்கே என்பதற்கு விடைசொல்லும் பொறுப்பு அரசைச் சேர்ந்தது. அவள் எப்படி வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவளைச் சேர்ந்தது. இரண்டிலும் ஊர் குறுக்கே நிற்கலாகாது.

இனிக் காணிக்கும் கடனுக்கும் வருவோம். கமக்காரப் பெருமக்கள் செவிகொடுக்க வேண்டும். வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் நூலாக்கிச் சட்டமாக்கினர். சீதனம் பெண்ணின் தனி ஆதனம் என்பது அதன் அடிப்படை. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம், மனைவி தன் சொந்த நிலத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. கொடுமை செய்பவனிடமே போய்ச் சம்மதம் கேட்கவேண்டிய நிலை! அச்சட்டத்திலேயே ஒரு வாசலும் உண்டு. கணவன் கைவிட்டாலும், இருக்குமிடம் தெரியாவிட்டாலும், காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலும், மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து அனுமதி பெறலாம். இவ்வாசலை எத்தனை பெண்கள் அறிவார்கள்? அறிந்த சட்டத்தரணிகள் எத்தனை ஊர்களுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்?

வன்னியின் நிலத்திற் பெரும்பகுதி சீதனமாக வந்ததன்று. காடு வெட்டிக் குடியேறியோருக்கு அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அது பெரும்பாலும் ஒருவர் பெயரிலேயே எழுதப்பட்டது. அந்த ஒருவர் பெரும்பாலும் கணவனே. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் பெண்மக்களுக்கு முன் ஆண்மக்கள் என்ற வரிசை நெடுங்காலம் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வேற்றுமையை நீக்க வந்தது. கைம்பெண் மறுமணம் செய்தால் கணவனின் காணியில் அவளுக்குள்ள உரித்து அற்றுப்போகும் என்ற விதியும் அச்சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. காட்டை வெட்டியது இருவர் கை. நாற்று நட்டதும் களை பறித்ததும் பெரும்பாலும் பெண்ணின் கை. பத்திரத்தில் மட்டும் ஒரு கை!

காணி இல்லாதவளுக்குக் கடன் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் கிராமங்களுக்குள் வந்தன. அவை பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுத்து, கிழமைதோறும் படலைக்கு வந்து தவணை கேட்டன. பணத்தை வாங்கிச் செலவிட்டவன் கணவனாக இருந்தாலும், ஒப்பமிட்டவள் மனைவி. தவணை நாள் சண்டை நாளாயிற்று. இந்நிலை முற்றியபின், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு 2018இல் அறிவித்தது. கடனுக்குப் பெண்ணின் பெயர் தகுமென்றால் காணிக்கு ஏன் தகாது? இக்கேள்விக்கு விடைசொல்லாமல் குடும்ப ஒற்றுமையைப்பற்றி உபதேசிப்பதில் பயனில்லை.

நான்காவது வேர், நாம் பேசக் கூசும் உடல். தாலி கட்டியவுடன் மனைவியின் உடல் கணவனுக்கு எழுதிக் கொடுத்த காணியாகிவிடுகிறது என்ற எண்ணம் எம் ஆண்களிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. சட்டமும் இதற்குத் துணைபோயிற்று. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, மனைவியின் சம்மதமின்றிக் கூடுவது, நீதிமன்றத் தீர்ப்பினாற் பிரிந்து வாழ்வோரிடையே மட்டுமே வன்புணர்ச்சிக் குற்றம் என்று வரையறுக்கப்பட்டது. சட்டம் கூறாவிட்டாலும் அறம் கூறுகிறது: சம்மதம் மணநாளில் ஒருமுறை வாங்கி முடிவதன்று, வாழ்நாள் முழுவதும் கேட்டுப் பெறவேண்டியது. மனமொத்துக் கூடுவதே காமம் என்று அகத்திணை வகுத்த இனம் நாம். ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று ஒதுக்கிவைத்தவர்கள் நாம். வன்முறையை இல்லறம் என்று எப்படி அழைப்போம்?

ஆண்களின் துயரையும் மறைக்க வேண்டியதில்லை. போரில் முதுகெலும்பு அடிபட்டவர்கள், அவயவம் இழந்தவர்கள், தடுப்பில் வதைபட்டவர்கள் எம் ஊர்களில் கணவர்களாக வாழ்கிறார்கள். தூக்கம் வராமை, திடீர்ச் சினம், தாம்பத்தியத்தில் இயலாமை, அதனாற் பிறக்கும் வெட்கம், வெட்கத்தாற் பிறக்கும் சந்தேகம் என்று ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கிறது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், வன்னி மக்களின் துன்பம் தனித்தனி மனிதரின் நோயோடு நிற்கவில்லை, சமூகம் முழுவதையும் பற்றிய கூட்டு வடு என்று எடுத்துக்காட்டினார். வடுவுக்கு மருத்துவம் உண்டு, உளவளத்துணை உண்டு. அதை நாடுவது ஆண்மைக்கு இழுக்கன்று. ஆனால் தன் வடு மற்றவரை அடிக்கும் உரிமையை எவருக்கும் கொடுப்பதில்லை. அதே போரை அவன் மனைவியும் அதே பதுங்குகுழியில் இருந்து கண்டாள். அவள் யாரை அடிக்கிறாள்?

இப்போது ஊர்ப் பெரியவர்களிடம் வருகிறோம். நீங்கள் நல்லெண்ணத்துடனேயே சமாதானம் செய்கிறீர்கள். அதை நாம் மறுக்கவில்லை. குடும்பம் சிதறினால் பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்று கவலைப்படுகிறீர்கள். ஆனால் உங்கள் சமாதானத்தின் நிபந்தனைகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவன் இனிக் குடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அவள் இனி வாய்காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். அவன் வாக்கு மீறினால் என்ன செய்வதென்று எவரும் எழுதி வைப்பதில்லை. ஒருவர் அடங்கிப்போவதால் எழும் அமைதி சமாதானமாகாது. அடுத்த அடி விழும்வரை கிடைக்கும் தவணையே அது.

பெண்கள் கண்ணகியைப்போற் பொறுத்திருக்க வேண்டும் என்று அறிவுரை கூறுவோர் உண்டு. முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசி தோறும் பொங்கலிட்டு நாம் வணங்குவது எந்தக் கண்ணகியை? வீட்டில் இருந்து அழுதவளையா? சிலம்பைச் சான்றாக ஏந்தி, அரசவைக்குத் தனியே நடந்து, தவறான தீர்ப்பைத் தகர்த்தவளையே வணங்குகிறோம். அவளைக் கும்பிடும் ஊரில், அடிபட்ட பெண் நீதிமன்றப் படியேறினால் மானம் போய்விடும் என்பது முரண்பாடு.

நீதிமன்றம் செல்ல வழிகள் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பதிவில்லாமற் கூடிவாழ்ந்தவருக்கும் அது பொருந்தும். அவள் சார்பாகப் பொலிஸார் விண்ணப்பிக்கவும் இடமுண்டு. விசாரணை முடியுமுன்னரே இடைக்காலக் கட்டளை பிறப்பிக்கலாம். முடிந்தபின் ஓராண்டு வரை காப்பளிக்கலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், பெற்றோர் மணமாகாதவராயினும் பிள்ளைக்குப் பராமரிப்புப் பணம் பெற்றுத்தரும். விவாகரத்தோ கடினமானது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் காட்டும் காரணங்கள் பிறன்சேர்க்கை, வேண்டுமென்றே கைவிடல், மணநாளில் இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது பெண்மையின்மை ஆகிய மூன்றே. கொடுமை அங்கே தனிக்காரணமாக எழுதப்படவில்லை. கொடுமையாற் வெளியேற நேர்ந்தவள், தான் கைவிடப்பட்டதாகவே அதை நிறுவவேண்டும். இச்சட்டம் திருந்தவேண்டும் என்று கேட்பது எமது அரசியற் கடமைகளுள் ஒன்று.

மற்றொரு கடமையும் உண்டு. அந்தப் பெண் பொலிஸ் நிலையத்துக்குப் போனால், அவள் துன்பத்தை அவள் மொழியில் எழுதவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. படுக்கையறையில் நடந்த கொடுமையைச் சொல்லவே நாக்கூசும் ஒருத்தி, அதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகச் சொல்லி, தான் வாசிக்கமுடியாத எழுத்தின்கீழ் ஒப்பமிட வேண்டுமா? மொழியுரிமை மேடைகளில் முழங்குவதற்கு மட்டும் உரியதன்று. அது பயன்படவேண்டிய இடங்களுள் முதன்மையானது, நள்ளிரவில் அடிபட்டு வந்த பெண் அமரும் அந்த வாங்கு.

அன்பர்களே! முடிவாகச் சிலவற்றைக் கேட்டு அமர்கிறோம்.

கமக்காரப் பெருமக்களே, அடுத்த விதைப்புக்கு முன் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். உங்கள் அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராக மனைவியின் பெயரை எழுதுவித்துப் பதியுங்கள். விலைகொடுத்து வாங்கும் நிலத்தின் உறுதியில் இருவர் பெயரையும் இடுங்கள். கோயில் தர்மகர்த்தாக்களே, வயதுச் சான்றையும் பதிவு ஏற்பாட்டையும் பாராமல் உங்கள் மண்டபத்தில் தாலி ஏறவிடாதீர்கள். ஆசிரியர்களே, பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளையின் வீட்டுக்கு அந்தக் கிழமையே போய் விசாரியுங்கள். மருத்துவர்களே, விழுந்ததாகச் சொல்லும் காயத்தைக் கண்டால், உடன்வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு இன்னொருமுறை கேளுங்கள். சட்டத்தரணிகளே, சட்ட உதவி ஆணைக்குழு என்ற ஒன்று இருப்பதையும், வறியவருக்கு அது துணைநிற்கும் என்பதையும் குளக்கட்டுக் கிராமங்கள் வரை கொண்டுசெல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களே, சமாதானம் பேசுமுன் அவளைத் தனியே அழைத்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். திரும்பிப்போக அஞ்சுகிறாளென்றால் அனுப்பாதீர்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். எமது இனத்துக்கு உரிமை வேண்டும், சமத்துவம் வேண்டும், எவருக்கும் அஞ்சாமல் வாழவேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கோரிக்கை. அதே மூன்றையும் உங்கள் வீட்டில் ஒருத்தி உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்து எம்முடன் சேர்ந்து கேளுங்கள். அப்போது எம் குரலுக்கு வலிமை கூடும்.